கணவாயூரில் இரு நாய்கள்

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் நெடுவீதி மலையேறி மூச்சு வாங்கும் இடம் கடுகண்ணாவை. இவ்வீதியைச் சமைத்த பொறியியலாளர் கப்டன் டோசன் 1829ஆம் ஆண்டில் காலமானார். அவர் நினைவாக எழுப்பப்பட்ட கோபுரம் கணவாயின் உச்சியில் நிற்கின்றது. சற்றுக் கீழே, பழைய வீதி பாறையைக் குடைந்து சென்ற வாயிலையும் காணலாம். 1867இல் புகையிரதம் இவ்வழியே கண்டியை அடைந்தது. 2014இல் திறக்கப்பட்ட புகையிரத நூதனசாலையும் இவ்வூரிலேதான் உள்ளது. காண்பதற்கு இத்தனை இருந்தும், சில ஆண்டுகளுக்கு முன் அங்கு சென்றபோது என் கண் நாய்களையே நாடிற்று.

நிலையத்தை அடுத்த தேநீர்க்கடையின் பின்புறத்தில் ஊர்நாய் ஒன்று குட்டிகள் ஈன்றிருந்தது. வயது ஒன்றரை மாதமிருக்கும். கூடை சுமந்தோர், பள்ளிச் சிறுவர், காவியுடை தரித்த பிக்குமார், குடை பிடித்த மூதாட்டியர் யாவரும் அவற்றைக் கடந்தே சென்றனர். புகையிரதம் ஊதியது, ஒரு குட்டி மாத்திரம் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மீண்டும் உறங்கிற்று.

அதே ஊரில், உயர்ந்த மதிலுக்குள் மற்றொரு நாய். பெரும் பணம் கொடுத்து வாங்கிய அல்சேஷன். நோய் தொற்றிவிடுமோ என்றஞ்சி ஆறு மாதம்வரை கூட்டுக்குள்ளேயே வளர்த்தார்களாம். இன்று அது குடையைக் கண்டாலும் பின்வாங்கும். பின்வாங்க இடமில்லையெனில் கடிக்கும். அயலார் அதனை முரடு என்கின்றனர். உண்மையில் அது அச்சமே.

இதன் காரணத்தை ஆராய்ந்தோர் உளர். அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்து பார் ஹார்பரில் ஸ்கொட், ஃபுல்லர் என்னும் அறிஞர் நாய்களின் வளர்ச்சியைப் பல்லாண்டு கவனித்தனர். அங்கு நிகழ்ந்த சோதனையொன்றின் முடிவு 1961இல் வெளிவந்தது. உயர்ந்த வேலிக்குள், மனித முகம் காணாமற் குட்டிகளை வளர்த்து, வெவ்வேறு வயதில் ஒரு வாரம் மட்டும் மனிதரோடு பழகவிட்டனர். ஐந்து, ஏழு வாரக் குட்டிகள் விரைவில் ஒட்டிக்கொண்டன. பதினான்கு வாரம்வரை தனித்திருந்தவையோ காட்டு விலங்கினைப் போல் வெருண்டன. அவற்றை வசப்படுத்துதல் அரிதாயிற்று.

மூன்றாம் வாரம் தொடங்கிப் பன்னிரண்டாம் வாரம் அளவிலான காலமே நாய்க்குட்டியின் பள்ளிப் பருவம். முதலில் ஆவல் மிகும். பின்னர் அச்சம் மெல்லத் தலைதூக்கும். அதற்குள் கண்டு பழகியவை உறவாகும், காணாதவை பகையாகும். பிறவிக் குணத்துக்கும் இதிற் பங்குண்டு. எல்லாப் பழியையும் வளர்த்தவர் தலையிற் போடுதல் நீதியன்று.

சிக்கல் எங்கேயெனில், தடுப்பூசிகள் முற்றுப்பெறப் பதினாறு வாரமளவில் ஆகிவிடுகின்றது. அதுவரை காத்திருந்தால் அப்பருவம் கழிந்துவிடும். பார்வோ நோயின் கொடுமை அறிந்தவர்க்குக் காத்திருத்தலே அறிவுடைமை எனத் தோன்றும். ஆயினும், முதல் ஊசி போட்டுச் சில நாட் கழிந்தபின் பழக்கத்தைத் தொடங்கலாமென அமெரிக்க விலங்கு நடத்தை மருத்துவர் சங்கம் 2008இல் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது. தெருநாய்கள் திரியும் மண்ணில் இறக்கிவிட வேண்டுவதில்லை. கையில் ஏந்திச் சென்று பஸ் நிலையத்தையும் சந்தையையும் காட்டலாம். ஊசி போட்ட நாயுள்ள நண்பர் வீட்டுக்குக் கொண்டுசெல்லலாம். குட்டி நடுங்கினால் வற்புறுத்தாது விலகுதல் வேண்டும்.

நீர்வெறுப்பு நோய் முற்றும் ஒழியாத நம் நாட்டில், அஞ்சிக் கடிக்கும் நாய் அயலாருக்கெல்லாம் கவலையே. எந்த நாய் கடித்தாலும் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

வளர்ந்த நாய்க்கு வழி முற்றும் அடைபட்டுவிடவில்லை. நாள்தான் அதிகம் பிடிக்கும். அடியும் சங்கிலியும் அச்சத்தைப் பெருக்குமேயன்றித் தணியா. அல்சேஷனின் வீட்டார் மிருக வைத்தியர் சொற்படி, மாலைதோறும் அதனை மதிலோரம் அமர்த்தி, தொலைவில் யாரேனும் செல்லும்போதெல்லாம் ஓர் இறைச்சித் துண்டு கொடுத்து வந்தனர். நான் சென்ற வேளையில் மூன்று மாதம் கழிந்திருந்தது. குடை பிடித்தவர் வீதியின் எதிர்ப்புறத்திற் போனால், அது குரைக்காது வீட்டாரின் கையைப் பார்த்தது. இப்புறம் வந்தால் இன்னும் குரைத்தது.