38 எம்பி சர்க்கரை

பழனிக்கு மேற்கே நெய்க்காரப்பட்டிக்கு வெளியூர் ஆட்கள் வருவது பெரும்பாலும் வெல்லத்துக்காக. சுற்றிலும் கரும்பு. கொப்பரையில் பாகு காய்ச்சி அச்சு வெல்லமும் உருண்டை வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் எடுக்கிற ஆலைகள். பழனி பஞ்சாமிர்தத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லாரும் விருப்பாச்சி வாழைப்பழத்தைப் பற்றியே பேசினார்கள். அதில் சேர்கிற கரும்புச் சர்க்கரையைப் பற்றி யாரும் பேசவில்லை என்கிற குறை இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு இன்னும் இருக்கிறது. நான் போனது பாகு காய்ச்சுவதைப் பார்க்க அல்ல. சர்க்கரைப் பையின்மேல் ஒட்டுகிற லேபிள் எப்படி ஒரு பிடிஎஃப் ஆகிறது, அந்த பிடிஎஃப் எப்படி இளைக்கிறது என்று பார்க்கப் போனேன்.

ஒற்றை ஷட்டர் கடை. டிடிபி, கல்யாணப் பத்திரிகை, ஃபிளெக்ஸ், லேபிள், ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் என்று கண்ணாடியில் ஒட்டியிருந்தது. உள்ளே இரண்டு கம்ப்யூட்டர். ஒன்றில் கடைக்காரர், இன்னொன்றில் மேட்டர் அடிக்கிற பெண். சுவரில் பத்திரிகை சாம்பிள்கள். பிள்ளையார் படத்துக்குக் கீழே, யாரும் கேட்காத ஒரு மரப் பெட்டி. அதில் கடைக்காரருடைய அப்பா காலத்துத் துத்தநாக பிளாக்குகள்: நாதஸ்வரம், குத்துவிளக்கு, கைகூப்பிய வேட்பாளர்.

அப்பா லெட்டர் பிரஸ்ஸில் அச்சுக் கோத்தவர். படம் வேண்டுமென்றால் பிளாக் செய்யக் கொடுக்க வேண்டும். அளவு பார்த்துக் காசு. “அதனால எங்கப்பா காலத்துல யாரும் பெரிய படமா வைங்கன்னு கேக்க மாட்டாங்க சார். இப்ப படத்துக்குக் காசு இல்லீங்களே, அள்ளிக் கொட்டறாங்க” என்றார். அவர் சிரித்துக்கொண்டே சொன்னாலும், இன்றைய பருத்த ஃபைல்களுக்கு இதைவிடச் சரியான காரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

அன்றைக்கு மேசையில் இருந்த வேலை, ஒரு ஆலைக்காரருடைய ஒரு கிலோ நாட்டுச் சர்க்கரைப் பைக்கான லேபிள். 10 சென்டிமீட்டர் அகலம், 14 சென்டிமீட்டர் உயரம். வேறொரு ஊரில் வரைந்து வாங்கிய கோரல்டிரா ஃபைலைக் கொண்டுவந்திருந்தார்கள். அதை அப்படியே பிடிஎஃப் எடுத்தால் 38 எம்பி. ஆலைக்காரர் அதை வாட்ஸ்அப்பில் கூட்டாளிகளுக்கு அனுப்பப் பார்த்திருக்கிறார். சிக்னல் சரியாக இல்லாத தோட்டத்தில் அது சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. பொறுமை போய், திரையைப் படம் பிடித்து அனுப்பிவிட்டார். உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண், பையின் அடியில் பொடியாகப் போடுவது, அந்தப் படத்தில் சாம்பல் கோடாகிப் போனது.

“கம்ப்ரஸ் பண்ற வெப்சைட் இருக்குதுங்களே, அதுல போட்டா ஆகாதுங்களா?” என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. 38 எம்பி ஃபைலை அங்கேயே போட்டு இறக்கிக் காட்டினார். 900 கேபி ஆகியிருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் கரும்புத் தோட்டம் பாசி பிடித்த மாதிரி கட்டங்கட்டமாக இருந்தது. ஆனால் 14 இலக்கம் கூர்மையாகவே இருந்தது. அந்த எண்ணைக் கம்ப்ரஸர் தொடவே இல்லை, அது எழுத்து. படத்தை மட்டும் மென்று துப்பியிருந்தது. இந்தத் தொழிலின் பாதி சூட்சுமம் அந்த ஒரு பக்கத்திலேயே தெரிந்துவிட்டது.

வெக்டர் என்பது கோட்டுக் கணக்கு. இந்த இடத்தில் தொடங்கு, இப்படி வளை, இங்கே முடி, உள்ளே மஞ்சள் நிரப்பு என்று எழுதிவைத்த குறிப்பு. தீப்பெட்டி லேபிள் அளவுக்கு இருந்தாலும் சுவர் அளவுக்கு இருந்தாலும் அதே குறிப்புதான். போட்டோ அப்படியில்லை, புள்ளிகளை எண்ணி வைக்க வேண்டும். பிடிஎஃப் இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்துக்கொள்ளும். 1984-இல் அடோபி கொண்டுவந்த போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற அச்சு மொழியின் பிள்ளை அது. அந்த நிறுவனத்தின் ஜான் வார்னாக் 1991-இல் கேம்லாட் என்ற பெயரில் யோசித்து, 1993-இல் வெளிவந்தது. 2008-இல் ஐஎஸ்ஓ தரமானது. எந்த இயந்திரத்தில் திறந்தாலும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதே முதல் எண்ணம். ஃபைலை இளைக்க வைப்பது அதை உண்டாக்குகிறவர் பொறுப்பு.

கடைக்காரர் லேபிளைப் பிரித்துப் போட ஆரம்பித்தார். நடுவில் 4 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் ஒரு கரும்புத் தோட்டம். போனில் எடுத்த படத்தை பவர்கிளிப் போட்டு வட்டத்துக்குள் அடக்கியிருந்தார்கள். பவர்கிளிப் வெட்டாது, மறைக்கும். எடிட் என்று அழுத்தியதும் வட்டத்துக்கு வெளியே முழுப் படமும் விரிந்தது: வரப்பு, டிராக்டர், ஓரத்தில் யாரோ ஒருவருடைய முழங்கை. 4000-க்கு 3000, அதாவது 1 கோடியே 20 லட்சம் புள்ளி. அச்சுக்காக நான்கு வண்ணத்துக்கு மாற்றியிருந்ததால் புள்ளிக்கு 4 பைட். மொத்தம் 48 எம்பி. எடுக்கும்போது ப்ரீபிரஸ் என்ற அமைப்பில் ஜிப் சுருக்கம் போட்டிருக்கிறார்கள். ஜிப் எதையும் இழக்காமல் சுருக்கும். போட்டோவில் அது அதிகம் பிடுங்காது. 38 எம்பியில் பெரும்பங்கு இந்த வட்டத்துக்குள்தான் இருந்தது.

இனி அவர் செய்தது சாதாரணக் கணக்கு. 4 சென்டிமீட்டரை 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளியில், அச்சிட ஒரு பக்கத்துக்கு 472 புள்ளி போதும். மொத்தம் 2 லட்சத்து 23 ஆயிரம். இருந்ததில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. போட்டோஷாப்பில் முழங்கையை வெட்டி, அளவைக் குறைத்து, திரும்பக் கொண்டுவந்து வட்டத்துக்குள் வைத்தார். ஜேபெக் சுருக்கத்தில் எடுத்தால் ஃபைல் 3 எம்பி.

பெரும்பாலான கடைகளில் இதோடு நிறுத்திவிடுவார்கள். தப்பில்லை, யாரும் இதற்குத் தனியாகக் காசு தருவதில்லை. இவர் நிறுத்தவில்லை. லேபிள் முழுக்க, பின்னணியில் ஒரு மங்கலான பொன்னிறப் பளபளப்பு. டிரான்ஸ்பரன்ஸி போட்டு மேலே பரப்பியது. ஒளி ஊடுருவும் நிறத்தை அப்படியே வைத்துக்கொள்ளும் வசதி பிடிஎஃப்புக்கு 1.4 பதிப்பில், 2001-இல்தான் வந்தது. அச்சகங்கள் பல இன்னும் அதை அனுமதிக்காத பிடிஎஃப்/எக்ஸ்-1ஏ வகையைக் கேட்கின்றன. அந்த வகைக்கு மாற்றும்போது பளபளப்பு முழுக்கப் புள்ளியாகிவிடும். 10-க்கு 14 சென்டிமீட்டரில் ஏறக்குறைய 20 லட்சம் புள்ளி, ஒரு மினுமினுப்புக்காக. அதை நீக்கிவிட்டு, இரண்டு நிறத்துக்கு நடுவே ஓடுகிற சாதாரண ஃபவுண்டன் ஃபில் வைத்தார். அருகருகே வைத்துக் காட்டினால்தான் வித்தியாசம் தெரியும். எனக்குப் புதியதே பிடித்திருந்தது. பழையதில் பொன்னிறம் கொஞ்சம் நகைக்கடை விளம்பரம் மாதிரி இருந்தது.

பெயருக்குப் பின்னால் இருந்த ட்ராப் ஷேடோவும் அப்படித்தான். எழுத்து வெக்டராக இருந்தாலும் நிழல் புள்ளிகள்தான். எழுத்தையே நகல் எடுத்து, அடர் பழுப்பாக்கி, அரை மில்லிமீட்டர் தள்ளிப் பின்னால் வைத்தார். நிழல் விளிம்பு கூராக நின்றது. பழைய மளிகைப் பைகளில் இப்படித்தான் இருக்கும்.

நேரம் எடுத்தது ஆலைக்காரருடைய சின்னம்தான். தாத்தா காலத்து மரச் செக்கும் இரண்டு காளைகளும் உள்ள படத்தை ஸ்கேன் செய்து, தானியங்கி டிரேஸ் போட்டு வாங்கியிருந்தார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் அழகு. ஷேப் டூலை வைத்துக் காளையின் முதுகைத் தொட்டதும் எறும்புப் புற்றைக் கலைத்த மாதிரி, முடிச்சு முடிச்சாக நோடுகள் எழுந்தன. காகிதத்தின் சொரசொரப்பு, மை கசிந்த ஓரம், ஸ்கேனரின் தூசி எல்லாவற்றுக்கும் டிரேஸ் ஒரு கோடு போட்டு வைத்திருந்தது. அவர் ஸ்கேனைப் பின்னால் பூட்டிவைத்துவிட்டு, பெசியர் டூலால் காளையை மறுபடி வரைந்தார். திமிலின் உச்சியில் ஒன்று, கழுத்து இறங்கும் இடத்தில் ஒன்று, முதுகு முடிகிற இடத்தில் ஒன்று. வளைவு திரும்புகிற இடத்தில் மட்டும் நோட்; நடுவில் வைத்தால் முதுகு நெளியும் என்றார். வாலுக்கு மூன்று. அவர் கைக்கு அது பழகிய வேலை. பேசிக்கொண்டே இரண்டாவது காளையை முதல் காளையின் நகலாகத் திருப்பிப் போட்டு, கொம்பை மட்டும் மாற்றினார். பிடிஎஃப் 412 கேபி. ஒரு எம்பிக்குப் பாதிகூட இல்லை.

இதற்கிடையே ஒரு பெரியவர் பட்டா நகலோடு வந்தார். ஏதோ இணையதளத்தில் ஏற்ற வேண்டும், இத்தனை கேபிக்குள் என்கிறதாம். “கண்ணு, பக்கத்துல எங்கயோ குடுத்து வந்தேன், ஏற மாட்டேங்குது” என்றார். அந்தப் பெண் பேனாவில் எழுதிய தேதியும் முத்திரையும் தெரிகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, கலரை எடுத்துவிட்டு வெறும் கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்து கொடுத்தாள். ஏ4 தாள் 300 டிபிஐ கலரில் 26 எம்பி புள்ளி. கறுப்பு வெள்ளையில் ஒரு புள்ளிக்கு ஒரு பிட், ஒரு எம்பிதான் வரும். பேக்ஸ் காலத்துச் சுருக்கம் அதையும் சில பத்து கேபியாக்கிவிடும். பெரியவர் பத்து ரூபாய் கொடுத்துவிட்டுப் போனார். முன்பின் தெரியாத வெப்சைட்டில் ஆதாரையும் பட்டாவையும் ஏற்றிச் சுருக்குகிற பழக்கத்தை நான் ஊர் ஊராகப் பார்க்கிறேன். இந்தப் பெண் அதைச் செய்யவில்லை என்பது எனக்குப் பெரிய நிம்மதி.

அவளோடு பேசியபோதுதான் தமிழில் உள்ள தலைவலி புரிந்தது. கடையில் வானவில், ஸ்ரீலிபி, பாமினி என்று பழைய எழுத்துருக்கள் ஏராளம். ஒவ்வொன்றிலும் எழுத்து வேறு வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் குறியாக்கங்களும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. 2010-இல் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்16-ஐயும் ஏற்றது. பத்திரிகைக் கடைகள் அசையவில்லை. பழைய எழுத்துருக்களில் இருக்கிற சுழியும் கொம்பும் யூனிகோடில் இன்னும் வரவில்லை என்பது அவர்கள் வாதம். முழுக்கப் பொய் என்று சொல்ல மாட்டேன்.

இந்தப் பழைய எழுத்துருக்கள் அச்சகத்தில் இல்லாவிட்டால் மணமகன் பெயர் ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்து நிற்கும். அந்தப் பயத்தில்தான் “கர்வ் பண்ணி அனுப்புங்க” என்று அச்சகம் கேட்கிறது. கன்ட்ரோல் கியூ அழுத்தினால் எழுத்து எழுத்தாக இராது, வரைபடமாகிவிடும். பயம் தீர்ந்தது, எடை கூடியது. எழுத்துருவைப் பதித்தால், பக்கத்தில் பயன்பட்ட எழுத்துகளின் வடிவம் ஒவ்வொன்றும் ஒரு தடவை மட்டும் உள்ளே போகும். பிறகு ‘ண’ நூறு தடவை வந்தாலும் ஒன்றிரண்டு பைட் குறிப்புதான். கர்வ் ஆக்கினால் நூறு ‘ண’வும் தனித்தனிப் படம். ஒவ்வொரு வளைவுக்கும் ஆறு எண். நம் எழுத்தில் நேர்கோடு குறைவு, சுழி அதிகம். ஆங்கில ‘எல்’ நேர்கோடுகளிலேயே முடியும். அவள் அடித்த ஒரு கல்யாணப் பத்திரிகையை இரண்டு விதமாகவும் எடுத்துக் காட்டினாள். எழுத்துரு பதித்தது 180 கேபி, கர்வ் ஆக்கியது 1.1 எம்பி. உறவுமுறைப் பட்டியல் நீளமான வீடு அது.

அதனால் இந்தக் கடையில் ஒரு வேலைக்கு இரண்டு பிடிஎஃப். அச்சகத்துக்குப் போவது கர்வ் ஆக்கியது, நான்கு வண்ணம், 300 டிபிஐ. வாடிக்கையாளர் போனுக்குப் போவது எழுத்துரு பதித்தது, திரைக்கான ஆர்ஜிபி வண்ணம், 150 டிபிஐ. டிபிஐ பாதியானால் புள்ளி கால் பங்கு. பிடிஎஃப் அமைப்பின் ஆப்ஜெக்ட்ஸ் பக்கத்தில் ‘கம்ப்ரஸ் டெக்ஸ்ட் அண்ட் லைன் ஆர்ட்’ என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று அவள் ஒவ்வொரு தடவையும் பார்க்கிறாள். அதற்குக் கீழே ஆஸ்கி 85, பைனரி என்று இரண்டு உண்டு. ஆஸ்கி 85 நான்கு பைட்டை ஐந்து எழுத்தாக எழுதும், சும்மா இருந்தபடியே 25 சதவீதம் கூடும். பழைய மின்னஞ்சல் வழிகள் பைனரியைத் தாங்காத காலத்துக்கு வைத்தது. இப்போது தேவையில்லை, பைனரியே போதும். இதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மாற்றி மாற்றி எடுத்துப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறாள். வீட்டில் லேப்டாப்பில் இன்க்ஸ்கேப் வைத்திருக்கிறாள், 2003-இலிருந்து இலவசமாகக் கிடைக்கிற மென்பொருள். அதில் பிளர் போட்டால் பிடிஎஃப் எடுக்கும்போது புள்ளியாகிவிடும் என்பதையும் அப்படியே கற்றிருக்கிறாள்.

பார்கோடை மட்டும் கடைக்காரர் யாரையும் தொட விடுவதில்லை. 890 என்று தொடங்குகிற இந்தியக் குறி, கறுப்புக் கோடும் வெள்ளை இடைவெளியும். ஜேபெக் பட்டால் கோட்டின் ஓரம் பிசிறும், கடையில் ஸ்கேனர் பிடிக்காது. அதனால் எப்போதும் வெக்டர், எப்போதும் ஒற்றைக் கறுப்பு.

சாயங்காலம் ஆலைக்காரரே வந்தார். போனில் 412 கேபி ஃபைல் உடனே திறந்தது. இரண்டு விரலால் இழுத்து இழுத்து அடி வரிக்குப் போனார், 14 இலக்கத்தையும் சத்தமாகப் படித்து உரிமத் தாளோடு ஒப்பிட்டார். சரியாக இருந்தது. பிறகு மேலே வந்து, “தம்பி, இது பழைய நம்பருங்க. இப்ப ஜியோவுக்கு மாறியாச்சு” என்று தொலைபேசி எண்ணைக் காட்டினார். கர்வ் ஆக்கிய ஃபைலில் எண்ணைத் திருத்த முடியாது. அது ஏற்கெனவே படம். கடைக்காரர் ‘ஒரிஜினல்’ என்று பெயர் வைத்திருந்த ஃபைலைத் திறந்தார். எழுத்து எழுத்தாகவே இருந்தது. புது எண்ணை அடித்து, இரண்டு பிடிஎஃப்பையும் மறுபடி எடுத்தார்.

“எவ்வளவுங்க?”

“அதே டிசைன் காசுதானுங்கண்ணா. நம்பர் மாத்தறதுக்கெல்லாம் வாங்கறதில்லீங்க.”