நான்காம் படி

ஞாயிற்றுக்கிழமை காலை. கல்லூரியில் மூன்றாமாண்டு படிக்கிற பெண், லேப்டாப்போடு வந்திருந்தாள். ஓய்வு நேரத்தில் நான் பராமரிக்கும் ஒரு சின்னக் கட்டற்ற மென்பொருளுக்குப் பங்களிக்க வேண்டுமாம். "வழிகாட்டி இருக்கும்மா, அதைப் பார்த்துச் செய். நான் பக்கத்துல உட்கார்ந்திருப்பேன், வாயே திறக்க மாட்டேன்" என்றேன். வழிகாட்டியை எழுதியவன் நான்தான். ஏழு படிகள். இருபது நிமிடம் ஆகும் என்று தலைப்பிலேயே போட்டிருந்தேன்.

மூன்று படிகள் சரசரவென்று போயின. நான்காவதில் திரை முழுக்கச் சிவப்பு. பைத்தானிலிருந்து போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸோடு பேச உதவும் சைக்கோபிஜி2 நிறுவப்பட மறுக்கிறது. 'பிஜி_கான்ஃபிக்' கிடைக்கவில்லை என்கிறது. அவள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். மறுபடி அதே கட்டளை, மறுபடி அதே சிவப்பு. "அண்ணா, நான்தான் எங்கயோ தப்பு பண்ணிட்டேன் போல" என்றாள்.

நாற்பது நிமிடத்துக்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

*

அவள் செய்த தப்பு ஒன்றுமில்லை. அந்தப் பொதியை மூலநிரலிலிருந்து கட்டுவதற்கு போஸ்ட்கிரஸின் தலைப்புக் கோப்புகள் கணினியில் இருக்க வேண்டும். உபுண்டுவில் அதற்கு 'லிப்பிக்யூ-டெவ்' என்று தனியாக ஒன்றை நிறுவ வேண்டும். என் கணினியில் வேறு ஏதோ வேலைக்காக எப்போதோ அதைப் போட்டிருக்கிறேன். அதனால் என் வீட்டில் நான்காம் படி ஒருநாளும் இடறியதில்லை. இடறாத படியைப் பற்றி யார் எழுதுவார்கள்?

(சைக்கோபிஜியே 'பைனரி' என்று முன்கூட்டியே கட்டிய வடிவம் ஒன்றைத் தருகிறது. உருவாக்கத்துக்கும் சோதனைக்கும் அதுவே போதும் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அதைப் போட்டிருந்தால் இந்த வம்பே இல்லை. அந்த வரியை நான் படித்திருக்கவில்லை.)

என்னை உறுத்துவது கோளாறு அல்ல, அவள் சொன்ன அந்த வாக்கியம். அவளுக்கு முன்னால் எத்தனை பேர் இதே இடத்தில் நின்று, தங்களையே நொந்துகொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் போயிருப்பார்கள்? யாரும் புகார் அனுப்பவில்லை என்பதால் வழிகாட்டி சரியாக இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

*

என் வழிகாட்டியில் 'சும்மா இந்தக் கட்டளையை ஓட்டினால் போதும்' என்று இரண்டு இடத்தில் இருந்தது. நீக்கிவிட்டேன். ஓட்டி, அது ஓடாமல் நிற்பவருக்கு அந்த 'சும்மா' எப்படிக் கேட்கும்?

பைத்தானில் வலைச்செயலிகள் கட்ட உதவும் ஜாங்கோ இதை விதியாகவே வைத்திருக்கிறது. 'எளிதாக', 'வெறுமனே' போல வேலையின் கடினத்தைக் குறைத்துக் காட்டும் சொற்களை ஆவணத்தில் தவிருங்கள் என்று எழுதுகிறவர்களுக்குச் சொல்கிறது.

*

ஜாங்கோவின் முதல் பங்களிப்புப் பாடத்தை இன்னொரு முறை படித்தேன். நிஜமான கோளாறு எதையும் அது கையில் கொடுப்பதில்லை. 99999 என்று கற்பனையாக ஒரு கோரிக்கை எண். ஜாங்கோவுக்கு டோஸ்ட் போடத் தெரிய வேண்டுமாம். 'டோஸ்ட்' என்ற சொல்லைத் திருப்பித் தரும் ஒரு செயற்கூறை எழுத வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அதற்கு முன் சோதனை எழுத வேண்டும், அது தோற்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும், பிறகு நிரல், பிறகு அந்தச் செயற்கூறுக்கு ஆவணம், வெளியீட்டுக் குறிப்பில் ஒரு வரி, கடைசியில் அனுப்பும் முறை.

நிரல் மாற்றங்களைக் கண்காணிக்கும் கிட் மென்பொருளின் பாடம் இதைவிடக் குறும்பு. 'புஷ்' என்பதை எழுத்து மாற்றித் தட்டினால் வரும் 'பிசுஹ்' என்பதையே புதிய கட்டளையாகச் சேர்க்கச் சொல்கிறார்கள். தப்பாகத் தட்டியவரைக் கூச்ச சுபாவமுள்ள ஒரு குதிரையால் மகிழ்விப்பது அதன் பணியாம். யாருக்கும் பயன்படாத கட்டளை. ஆனால் அதைச் சேர்த்து முடிக்கிறவர் மூலநிரலைக் கட்டியிருப்பார், சோதனை எழுதியிருப்பார், ஒட்டை (பேட்ச்) மின்னஞ்சலில் அனுப்பவும் கற்றிருப்பார்.

எனக்கு இது மிகவும் பிடித்தது. சைக்கிள் பழகுகிற பிள்ளையை முதல் நாளே மளிகைக்கடைக்கு அனுப்புவதில்லை, காலி மைதானத்தில்தான் விடுகிறோம். நம்மில் பலர் 'புதியவருக்கு ஏற்றது' என்று ஒரு வேலைக்குச் சீட்டு ஒட்டிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்கிறோம். அந்த வேலை சின்னதாக இருக்கலாம். அதைச் செய்து அனுப்பும் வழி சின்னதல்ல.

*

2017இல் கிட்ஹப் நடத்திய கணக்கெடுப்பு: ஆவணங்கள் அரைகுறையாக அல்லது பழையதாக இருப்பதைக் கண்டவர்கள் 93 சதவீதம். பங்களிப்பவர்களில் ஆவணத்துக்கு அரிதாகவே கைவைப்பவர்கள், வைக்கவே வைக்காதவர்கள் 60 சதவீதம். நானும் அந்த 60இல் ஒருவனாகத்தான் இருந்திருக்கிறேன்.

*

மதியச் சாப்பாட்டின்போது அவள் கேட்டது: "ஃபோர்க்குக்கும் பிராஞ்சுக்கும் என்னண்ணா வித்தியாசம்? ரெண்டுமே கிளைதானே?"

நியாயமான கேள்வி. பிராஞ்ச் கிளை சரி. ஃபோர்க்குக்கு 'கவை' என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. உண்டிவில்லுக்குத் தேடித் தேடி வெட்டுவோமே, அந்தக் கவட்டை. அவளுக்கு உண்டிவில்லும் தெரியவில்லை. கடைசியில், "ஃபோர்க்னா மொத்த வீட்டையும் உன் பேருக்கு நகல் எடுக்கறது, பிராஞ்ச்னா வீட்டுக்குள்ள தனி அறை" என்றேன். சுமாரான விளக்கம்தான். ஆனாலும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

*

வழிகாட்டியில் நான் எழுதாமலே விட்டது: அனுப்பிய பிறகு என்ன ஆகும்?

லினக்ஸ் கெர்னல் கறாரான இடம் என்று பெயர். ஆனால் ஒட்டு அனுப்பும் முறையைச் சொல்லும் ஆவணத்தில் இது தெளிவாக இருக்கிறது. பொதுவாக இரண்டு மூன்று வாரத்தில் பதில் வரும், நினைவூட்டுவதற்கு முன் குறைந்தது ஒரு வாரமாவது பொறுங்கள் என்கிறார்கள். எங்களிடம் அப்படி எதுவும் இல்லை. அனுப்பியவர் மூன்றாம் நாளே 'நம்ம வேலை பிடிக்கலை போல' என்று முடிவு கட்டிவிடுகிறார். நானோ ஆபீஸ் வேலையில் மாட்டிக்கொண்டு அதைப் பார்த்திருக்கவே மாட்டேன். 'பதில் வர இரண்டு வாரம் ஆகலாம், அதற்கு மேல் ஆனால் தயங்காமல் கேளுங்கள்' என்று சேர்த்துவிட்டேன். எழுத ஐந்து நிமிடம் ஆனது.

*

நான்காம் படியை நான் திருத்தவில்லை, அவளையே எழுதி அனுப்பச் சொன்னேன். உபுண்டுக்காரர்கள் முதலில் எதை நிறுவ வேண்டும், நிறுவாவிட்டால் திரையில் என்ன வரும், இரண்டையும் எழுதியிருந்தாள். இரண்டாவதை நான் யோசித்திருக்கவே மாட்டேன். சிவப்பு எழுத்தை நகலெடுத்துத் தேடுகிறவர் நேராக அந்த வரிக்கே வந்து சேர்வார். அன்று மாலையே சேர்த்தேன். அவளுடைய முதல் பங்களிப்பு. நாலு நாளில் முகம் தெரியாத ஒருவர் ஃபெடோராவில் அந்தப் பொதியின் பெயர் 'லிப்பிக்யூ-டெவல்' என்று கீழே ஒரு வரி கொடுத்தார்.

'இருபது நிமிடம்' என்பதை எடுத்துவிட்டேன்.

ஆறாம் படியிலும் அவள் வெகுநேரம் திணறினாள். அதையும் எழுதி அனுப்பச் சொல்லியிருந்தேன். மூன்று வாரம் கழித்து நினைவூட்டினேன். "அது இப்போ எனக்கு ஈஸியா வருதுண்ணா. அன்னிக்கு எதுல குழம்பினேன்னே ஞாபகம் இல்ல" என்றாள்.

நோட்டில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.