சந்தேகம் யார் மேல் விழும்?

திரில்லர் டிஸ்கஷனில் முதலில் போடும் கணக்கு கொலைகாரன் யார் என்பதல்ல, ஜனம் யாரைச் சந்தேகப்படும் என்பதுதான். காசிமேட்டுப் பையன் ஒருவனை இருட்டில் நிறுத்தினால் வசனமே வேண்டாம். தாடியும் தொப்பியும் வந்தால் பின்னணி இசை போதும். நாங்கள் இரண்டு பக்கம் எழுதிக் கூட்ட வேண்டிய பயத்தை ரசிகர் வீட்டிலிருந்தே கொண்டுவந்துவிடுகிறார். ஓசியில் கிடைக்கும் சரக்கை எந்த எழுத்தாளன் வேண்டாமென்பான்?

“அவன் இல்லைன்னு கடைசியில சொல்லிடுவோமே சார்” என்று யாராவது சமாதானம் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. முக்கால் படத்துக்கு அவனைப் பார்த்துப் பயப்பட வைத்துவிட்டு, கிளைமாக்ஸுக்கு முன்னால் ஒரே வசனத்தில் விடுவித்தால், வீட்டுக்குப் போகிறவர் மனதில் தங்குவது அந்தப் பயம்தான். சில படங்களில் இந்தச் சமாதானம்கூடக் கிடையாது. ‘வேட்டையாடு விளையாடு’ (2006) தன் இரண்டு கொலைகாரர்களையும் ஓரினச்சேர்க்கையாளர்கள் என்று கோடிகாட்டுகிறது. அந்தக் குறிப்பை வெட்டிவிட்டால் திரைக்கதையில் ஒரு சீன்கூட ஆடாது.

முன்முடிவை வைத்தே ரசிகரை மடக்குவது வேறு வித்தை. சுஜோய் கோஷின் ‘கஹானி’யை (2012) இதுவரை பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். நிறைமாத வயிற்றோடு கணவனைத் தேடி கொல்கத்தா வரும் பெண்ணுக்குப் பலரும் உதவுகிறார்கள், இரங்குகிறார்கள், ஒருவரும் சந்தேகப்படுவதில்லை. அவள் பழிவாங்க வந்தவள், வயிறு பொய். ‘பாவம், பிள்ளைத்தாய்ச்சி’ என்ற நம் இரக்கத்துக்குப் பின்னால் அவளே ஒளிந்துகொண்டாள். கூலிக்கொலைகாரன் பாப் பிஸ்வாஸும் அப்படித்தான்: தொந்தியும் கண்ணாடியுமாக ஓர் இன்சூரன்ஸ் ஏஜென்ட்.

எழுத உட்காரும்போது என்னை அதிகம் தொந்தரவு செய்வது ‘விசாரணை’. மு.சந்திரகுமாரின் ‘லாக்கப்’பை வைத்து வெற்றிமாறன் எடுத்தது. குண்டூரில் பூங்காவில் படுத்துறங்கும் தமிழ்க் கூலித் தொழிலாளிகளைப் போலீஸ் தூக்கிப்போகிறது. வெளியூர்க்காரன், பாஷை தெரியாதவன், கேட்க நாதியில்லாதவன்: தடயம் அவ்வளவுதான். நம் ஊர் திரில்லர்களில் வடக்கத்தித் தொழிலாளியைச் சந்தேகிக்க வைக்க நாங்கள் அடுக்குவதும் இதே தடயங்கள்தான். ‘விசாரணை’யில் அடி வாங்குகிறவன் நம்மாள் என்பதால் நமக்கு வலிக்கிறது.

ஜோர்டன் பீல் ‘கெட் அவுட்’ (2017) முடிவில் ரசிகரின் அறிவையே பயமாக்குகிறார். தப்பித்துவிட்ட கறுப்பின நாயகன் ரத்தத்தோடு சாலையில் நிற்கிறான், எதிரே போலீஸ் விளக்குகள் சுழல்கின்றன. மற்ற திரில்லர்களில் போலீஸ் வந்தால் அப்பாடா என்றிருக்கும். இங்கே வயிறு கலங்குகிறது, அந்த விளக்கு அமெரிக்காவில் அவனுக்கு என்னவென்று நமக்குத் தெரியும் என்பதால். காரிலிருந்து இறங்குவது நண்பன்தான். முதலில் படமாக்கிய முடிவில் நிஜமாகவே போலீஸ் வந்து அவனைக் கைதுசெய்கிறது. பீல் பிறகு மாற்றினார். நானாக இருந்தாலும் மாற்றியிருப்பேன். விளக்கு சுழலும் அந்தச் சில நொடிகளிலேயே கைதும் சிறையும் ரசிகர் மனதில் ஓடி முடிந்துவிடுகின்றன.