அவொன்லீக்குப் போகிற வழி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பிள்ளைகளின் 'ஸ்பொன்சரில்' ரொறன்ரோ வந்து சேர்ந்த தாய் தகப்பன்மார், மொழி விளங்காமலே பார்த்த தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை யாராவது ஒரு பட்டியலாக எடுத்திருந்தால் நல்ல ஆய்வுக்கட்டுரை ஒன்று கிடைத்திருக்கும். நாள் முழுக்க ஓடும் தமிழ்ச் சனல்கள் அப்போது இல்லை. பிள்ளைகள் இரண்டு வேலைக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். வாடகைக்கு எடுத்த படக் கசெற்றைத் திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்தாகவேண்டும். மிச்ச நேரத்துக்கு இருந்தது கனடாக்காரனின் தொலைக்காட்சிதான். எனக்குத் தெரிந்த முதியவர்களில் பாதிப்பேர் மல்யுத்தம் பார்த்தார்கள். அதற்கு மொழி தேவையில்லை.

என் அம்மா பார்த்தது 'றோட் ரு அவொன்லீ'. ஞாயிற்றுக்கிழமை இரவு ஏழு மணிக்கு சீ.பீ.சீ.யில் போகும். 1990 ஜனவரியில் தொடங்கி 1996 மார்ச் 31 வரை, ஏழு பருவங்களில், 91 அங்கங்கள். லூசி மோட் மொன்ற்கொமரி என்ற எழுத்தாளரின் கதைகளைத் தழுவியது. அட்லாண்டிக் கரையில் இருக்கும் பிரின்ஸ் எட்வேட் தீவில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடக்கும் கதை. மொன்றியாலில் வளர்ந்த சாரா ஸ்ரான்லி என்ற சிறுமி, தகப்பன் பணமோசடிக் குற்றச்சாட்டில் மாட்டுப்பட்டதும், செத்துப்போன தாயின் உறவினரிடம் அவொன்லீ என்ற கிராமத்துக்கு அனுப்பப்படுகிறாள். பெரிய வசதியான வீட்டிலிருந்து வந்த பிள்ளை. அங்கே பள்ளிக்கூடம் நடத்துகிற, வாய்க்காரியான, கலியாணம் கட்டாத ஒரு பெரியம்மா. பக்கத்துப் பண்ணையில் மாமன், மாமி, மச்சான் மச்சாள்மார்.

அம்மாவுக்கு இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது? "தேப்பன் வழக்கிலை மாட்டிப்போட்டான். பிள்ளையைத் தாயின்ரை ஆக்களிட்டை விட்டிருக்கினம்" என்று முதல் வாரமே சொல்லிவிட்டார். ஜாக்கி பரோஸ் நடித்த ஹெற்றி கிங் அவருக்கு 'ரீச்சர்'. சாரா பொலி நடித்த சாரா 'சின்னப் பெட்டை'. மற்ற எல்லோருக்கும் எங்கள் ஊரில் யாரோ ஒருவரின் பெயர் இருந்தது. வேலிச்சண்டை, சீதனக் கதை, தேவாலயத்துக்கு வந்தும் முகம் பார்க்காத இரண்டு குடும்பங்கள், ஒருவர் வீட்டில் சமைத்தது மற்ற வீட்டுக்குப் போவது. மரில்லாவாக நடித்த கொலீன் டியூஹேர்ஸ்ற் 1991 இல் இறந்துபோக, தொடரிலும் மரில்லாவைச் சாகவைத்தார்கள். அன்றிரவு அம்மா சாப்பிடவில்லை.

அம்மா வலிகாமம் வடக்கில் வசாவிளானைச் சேர்ந்தவர். 1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியபோது ஊரே எழும்பி நடந்தது. நாலு நாளில் திரும்பலாம் என்று மாட்டை அவிழ்த்துவிட்டு, உறுதிகள் இருந்த பிஸ்கற் ரின்னை மட்டும் தூக்கிக்கொண்டு போனவர்கள். ஐயா மல்லாகத்தில், இன்னொருவரின் திண்ணையில் காலமானார். அடுத்த வருடம் அம்மா என்னிடம் வந்தார். ரின்னும் வந்தது.

1995 ஒக்டோபர் முடிவில் யாழ்ப்பாணம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சிக்கு நடந்த செய்தி வந்தபோது, எங்கள் வீட்டில் தொலைபேசி ஓயவில்லை. கைதடியில் யார், சாவகச்சேரியில் யார், கிளாலி கடந்தது யார் என்று கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தோம். அந்தக் குளிர்காலம் முழுதும் அம்மா ஞாயிறு ஏழு மணியைத் தவறவிடவில்லை. அப்போது எனக்கு அது விசித்திரமாகப் பட்டது. கேட்டதற்கு, "அங்கை ஒருத்தரும் எழும்பி ஓடேல்லை" என்றார்.

நாங்கள் 2004 இல் ஸ்காபரோவை விட்டு அஜக்ஸில் வீடு வாங்கினோம். அஜக்ஸ் ஒரு வினோதமான ஊர். 1941 இல் இங்கிருந்த விவசாயிகளின் காணிகளை அரசாங்கம் எடுத்து, ஷெல்லுக்குள் வெடிமருந்து நிரப்பும் தொழிற்சாலை ஒன்றைக் கட்டியது. ஒன்பதாயிரம் பேர் வேலை செய்து, போர் முடிவதற்குள் நாலு கோடி ஷெல் நிரப்பினார்கள். வந்து குடியேறியவர்களுக்கு ஊர்ப்பெயர் வேண்டியிருந்தது. 1939 டிசம்பரில் தென்னமெரிக்கக் கரையில் ஜேர்மன் போர்க்கப்பலோடு மோதிய பிரித்தானியக் கப்பலின் பெயரை வைத்தார்கள். தெருக்களுக்கு அந்த மாலுமிகளின் பெயர்கள். ஷெல்லுக்குத் தப்பி வந்த நாங்கள் ஷெல் செய்த ஊரில் முப்பது வருடக் கடனுக்கு வீடு வாங்கியிருக்கிறோம் என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பேன்.

அம்மாவுக்குச் சொல்லாமல் வைத்திருந்த ஒரு விஷயம் அங்கே போனபின் வெளிப்பட்டது. அவொன்லீயின் பெரும்பகுதி அந்தத் தீவில் எடுக்கப்படவே இல்லை. கடற்கரைக் காட்சிகள் சிலதைத் தவிர, தொடர் ஒன்ராறியோவில் படமாக்கப்பட்டது. கிராமத்தை அக்ஸ்பிரிட்ஜ் பக்கத்தில் மரத்தாலும் வர்ணத்தாலும் கட்டியிருந்தார்கள். அஜக்ஸிலிருந்து நேரே வடக்கே போனால் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. பேத்தி இதை ஒருநாள் சாப்பாட்டு மேசையில் போட்டு உடைத்தாள்.

"அப்ப கூட்டிக்கொண்டு போ" என்றார் அம்மா.

இதை 2018 கோடையில் கேட்டார். அப்போது அவருக்கு 85 வயது. அதற்கு முதல் மூன்று வருடங்களாக, உயர் பாதுகாப்பு வலயத்துக் காணிகள் துண்டு துண்டாக விடப்பட்டுக்கொண்டிருந்தன. 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகம் விடப்பட்டது. இங்கிருந்து பலர் போய்ப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். கூரையில்லாத சுவர், பற்றைக்குள் கிணறு, சில இடங்களில் அதுவும் இல்லாமல் வெறும் வெளி. எங்கள் காணி வேலிக்குள்தான் இருந்தது. வேலிக்கு வெளியே நின்றாவது பார்த்துவரலாம் என்று தங்கை ரிக்கற் போட வெளிக்கிட்டாள். அம்மா மாட்டேன் என்றுவிட்டார். "வேலிக்கு இஞ்சாலை நிண்டு என்ரை வளவைப் பாக்கிறதோ?" அதற்கு மேல் பேச்சில்லை. பிறந்த ஊருக்குப் போக மறுத்த மனுசி, யாரோ வெள்ளைக்காரன் பலகையில் கட்டிய ஊருக்குப் போக அடம்பிடித்தார்.

ஓகஸ்ற் மாதம் ஒரு சனிக்கிழமை வெளிக்கிட்டோம். பிளாஸ்கில் தேத்தண்ணி, கட்டுச்சோறு, முன்னிருக்கையில் அம்மா. புரொக் வீதியில் வடக்கே ஏறினால், புரோம் என்ற சிற்றூரைச் சுற்றிப் பலகை அடித்த யன்னல்களோடு வெறும் வீடுகள் தெரியும். அம்மாவின் கண் அதில்தான் நின்றது. "ஏன் சனம் இல்லை?"

சொன்னேன். 1972 மார்ச்சில் மத்திய அரசாங்கம் ரொறன்ரோவுக்கு இரண்டாவது பெரிய விமான நிலையம் கட்டுவதற்கென்று இங்கே 18,600 ஏக்கர் காணியைச் சுவீகரித்தது. சனம் எதிர்த்துப் போராடியது. 1975 இல் திட்டம் நிறுத்தப்பட்டது. ஆனால் காணி அரசாங்கத்திடமே இருந்தது. வாடகைக்கு விட்ட வீடுகள் ஒவ்வொன்றாக வெறுமையாகி, பல இடிக்கப்பட்டன.

"பிளேன் வந்ததோ?"

"இல்லை அம்மா. இன்னும் வரேல்லை."

"பிறகேன் காணியைக் குடுக்கேல்லை?"

(விமான நிலையம் கட்டப்படாது என்று அரசாங்கம் அறிவித்தது 2025 ஜனவரியில். 53 வருடங்கள்.)

எங்கள் காணிக்குப் பக்கத்தில் இருப்பதும் விமானத்தளம்தான். பலாலியை இரண்டாம் உலகப்போரின்போது பிரித்தானிய விமானப்படை கட்டியது. அஜக்ஸில் ஷெல் நிரப்பிய அதே போர். ஆனாலும் இரண்டும் ஒன்றல்ல. இங்கே நட்டஈடு கொடுத்தார்கள், குண்டு போட்டு எழுப்பவில்லை. அதை அம்மாவுக்குச் சொல்ல நினைத்தேன். அவர் வீடுகளை எண்ணிக்கொண்டு வந்தார்.

அக்ஸ்பிரிட்ஜில் அவொன்லீ இல்லை. தொடர் முடிந்து 22 வருடம். செங்கல் கட்டடங்களோடு ஒரு சின்னப் பட்டினம், சுற்றிவரச் சோளமும் வைக்கோல் உருளைகளும். இந்தப் பக்கமாகத்தான் எடுத்தார்கள் என்பதற்கு மேல் என்னிடம் விபரம் இல்லை. வயலோரம் காரை நிற்பாட்டினேன். அம்மா இறங்கி, பொல்லை ஊன்றி, கொஞ்ச நேரம் வெளியைப் பார்த்தார். பிறகு குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்தார்.

"இது அந்த ஊர் இல்லை."

"ஏன்?"

"அங்கை மண் சிவப்பு."

உண்மைதான். அந்தத் தீவு சிவந்த மணற்கல்லால் ஆனது. மண்ணில் இரும்புச்சத்து அதிகம். கனடாவின் உருளைக்கிழங்கில் கணிசமான பங்கு அந்த மண்ணில் விளைகிறது. தீவில் எடுத்த அந்தச் சில நிமிடக் காட்சிகளில் அம்மா மண்ணைத்தான் பார்த்திருக்கிறார். அறுபதுகளின் பிற்பகுதியில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது ஐயாவும் எங்கள் செம்மண்ணில் உருளைக்கிழங்குதான் போட்டார். துலாவும் மாடும் போய் இறைப்பு மெசின் வந்ததும், கல்வீடு எழும்பியதும் அந்தக் காசில். வருடக்கணக்காக ஞாயிறு தவறாமல் அம்மா எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அந்த வயலோரத்தில்தான் விளங்கியது.

வந்ததற்கு ஏதாவது பார்க்கவேண்டுமே என்று இன்னும் வடக்கே லீஸ்க்டேலுக்குக் கூட்டிப்போனேன். மொன்ற்கொமரி குடியிருந்த வீடு அங்கே தேசிய வரலாற்றுச் சின்னமாக இருக்கிறது. அவர் அந்தத் தீவில் பிறந்து, தாய் இறக்க, கவெண்டிஷ் என்ற கிராமத்தில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர். 1908 இல் வந்த 'ஆன் ஒஃப் கிறீன் கேபிள்ஸ்' அவரை உலகறிய வைத்தது. 1911 இல் பாட்டி இறந்தபின் பாதிரியார் ஒருவரை மணந்து, அவர் வேலை செய்த இந்த ஒன்ராறியோக் கிராமத்துக்கு வந்தார். 1926 வரை இங்கே இருந்தார். தன் 22 நூல்களில் பதினொன்றை இந்த வீட்டில்தான் எழுதினார். பெரும்பாலானவை தீவைப் பற்றியவை. வெளியே சோளமும் பனியும், உள்ளே கடலும் செம்மண்ணும். அவொன்லீயை ஒன்ராறியோவில் கட்டியது படப்பிடிப்புக்காரர் மட்டுமல்ல. அவர்களுக்கு எண்பது வருடம் முன்பே மொன்ற்கொமரி அதைச் செய்துவிட்டார்.

வீட்டுக்குள் சுற்றிக்காட்டினார்கள். நான் மொழிபெயர்த்தேன். இந்த வீட்டில் குளியலறையோ கக்கூசோ உள்ளே இருக்கவில்லை என்று அவருக்குக் குறை இருந்தது என்றேன். "பாதிரியார் வீட்டிலையுமோ?" என்று அம்மா சந்தோசப்பட்டார். 1914 இல் இரண்டாவது பிள்ளை இறந்தே பிறந்தது என்றதும் சிரிப்பு நின்றது. புருசனுக்கு மனநோய் வந்ததையும், அதை ஊருக்கு மறைத்துக்கொண்டே அவர் எழுதியதையும் சொன்னேன்.

வெளியே வந்து மரநிழலில் சோற்றைப் பிரித்தபோது, "அப்ப அவவும் எங்களைப்போலத்தான் அம்மா. ஊரை விட்டிட்டு வந்து ஊரை நினைச்சு எழுதினவ" என்றேன். ஒரு கட்டுரைக்குத் தோதான முடிவு கிடைத்த திருப்தி எனக்கு.

"அவ நினைச்சால் போய்வரலாம்தானே?"

"ஓம். கோடையிலை போய்வந்தவ."

"அப்ப எப்பிடி எங்களைப்போல?"

என்னிடம் பதில் இல்லை. புலம்பெயர் இலக்கியக் கூட்டங்களில் நாங்கள் சுலபமாகச் சொல்லும் உவமைகளை ஒரு கிழவி கட்டுச்சோற்றுக்கு முன்னாலிருந்து ஒரு கேள்வியில் தள்ளிவிட்டார். கொஞ்சம் பொறுத்து, "அவவை எங்கை தாட்டவை?" என்று கேட்டார்.

1942 ஏப்ரலில் ரொறன்ரோவில் இறந்தவரைக் கவெண்டிஷ் கொண்டுபோய்த்தான் அடக்கம் செய்தார்கள் என்றேன். அவர் வளர்ந்த வீட்டைப் பற்றியும் சொன்னேன். அவர் போனபின் அது வெறுமையாய்க் கிடந்தது. பார்க்க வருகிற சனத்தின் தொல்லை தாங்காமல் சொந்த மாமனே அதை இடித்துப்போட்டார். இப்போது அங்கே அத்திவாரக் கல் மட்டும் இருக்கிறது. அதைப் பார்க்க உலகமெங்குமிருந்து வருகிறார்கள்.

"வீடு இல்லாமல் எதைப் பாக்க வருகினம்?"

"அவ எழுதினதைப் படிச்சிட்டு வருகினம்."

அம்மா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. திரும்பும் வழி முழுக்க நித்திரை.

அடுத்த கிழமை பிஸ்கற் ரின் மேசைக்கு வந்தது. எங்கள் காணியின் உறுதி, மடிப்பில் கிழிந்து, பழுப்பேறியிருந்தது. நாலு பரப்பு வளவு. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்றால், கால் ஏக்கர். கிழக்கே இன்னார் காணி, வடக்கே ஒழுங்கை, மேற்கே இன்னார், தெற்கே இன்னாரின் பிள்ளைகள்; கிணற்றில் பங்கு, வாய்க்கால், வழி. அதில் பெயர் வந்த எவரும் இன்று அங்கே இல்லை. ஒழுங்கை இருக்கிறதோ தெரியாது. நொத்தாரிசு எழுதிய அந்தப் பத்து வரியில்தான் ஊர் இருக்கிறது.

"இதிலை எல்லாம் இல்லை. நான் சொல்ல எழுது" என்றார்.

கொப்பியை எடுத்தேன். இன்னாரின் காணி என்று உறுதி ஒரு சொல்லில் முடித்த இடத்துக்கு அம்மா மூன்று தலைமுறை சொன்னார். எந்த மூலையில் எந்த மாமரம், அது யார் நட்டது, கிணற்றுக்கட்டில் எந்தப் பக்கம் வெடிப்பு, வேலியில் எந்த இடத்தால் கோழி போகும். இடையிடையே பிழையாய் எழுதுகிறேனோ என்று வாசிக்கச் சொல்லிக் கேட்டார். ஒரு இடத்தில் நிறுத்தி, "மண் சிவப்பு எண்டு எழுதினனியோ?" என்றார்.

எழுதவில்லை. அது தெரிந்ததுதானே என்று விட்டுவிட்டேன்.

"உனக்குத் தெரியும். இஞ்சை பிறந்ததுகளுக்கு?" என்றார். எழுதிக்கொண்டேன்.