கூட்டாமல் குறைக்காமல்

கடந்த நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் எங்கள் வீட்டு சீடி பிளேயர் மவுத்தாகிவிட்டது. இருபது வருடங்களுக்கு மேலாக நாகூர் ஹனிபாவின் பாட்டையும் காரி அப்துல் பாஸித்தின் கிராஅத்தையும் எங்களுக்குக் கேட்கத் தந்த பெட்டி. திருத்துபவர் திறந்து பார்த்துவிட்டு, "லேசர் கண் போயிட்டு சேர். இதுக்கு இனி சாமான் வராது" என்று கையை விரித்தார்.

ஹனிபாவைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அவர் எங்கும் கிடைப்பார். கவலையெல்லாம் வாப்பாவின் இறுவட்டைப் பற்றித்தான். 1987இல் வாப்பா யாசீன் ஓதிப் பதிந்த கெசட் ஒன்று, அவர் மவுத்தான பிறகு 2004இல் அலுமாரியின் அடியில் கிடைத்தது. போட்டுக் கேட்க வீட்டில் ரெக்கோடர் இருக்கவில்லை. நேரே கடையில் கொடுத்து இறுவட்டில் எழுதுவித்தோம். கெசட் பிறகு பூஞ்சணம் பிடித்துப் போயிற்று. மிஞ்சியது இறுவட்டு மட்டுமே. அதுவும் முதல் தடவையிலிருந்தே பதினோராவது நிமிடத்தில் தாவிவிடும்.

"கொம்பியூட்டரில ஏத்திருவோம் வாப்பா" என்றான் மகன். ஏற்றிப் பார்த்தான். அதே இடத்தில் அதுவும் இரைந்து இரைந்து நின்றுவிட்டது.

எங்கள் அம்ப்ளிபயரிலேயே இலக்கங்களை ஒலியாக மாற்றும் பகுதி உண்டு. ஆகவே முழுப் பிளேயர் தேவையில்லை. சீடி ட்ரான்ஸ்போர்ட் போதும். அது இறுவட்டை வாசித்து, செக்கனுக்கு 14 இலட்சத்து 11 ஆயிரத்து 200 பிட்டுகளைக் கம்பிவழியே ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். தனக்கென்று ஒரு குரல் அதற்கில்லை. அமானிதம் சுமப்பவனின் வேலை.

நல்ல இறுவட்டென்றால் மலிவான பெட்டியும் விலைகூடிய பெட்டியும் தருவது ஒரே இலக்கங்களைத்தான். பழுதான இறுவட்டில்தான் வித்தியாசம் தெரியும். பிழைதிருத்தும் குறியீடுகளும் இறுவட்டிலேயே சேர்த்து எழுதப்பட்டிருக்கின்றன. சிறு கீறலென்றால் இழந்ததை அப்படியே மீட்கலாம். பெரிதென்றால் முன்பின் பார்த்து இயந்திரம் ஊகித்து நிரப்பும். அதுவும் முடியாதபோது மௌனம், அல்லது தாவல்.

என் கைக்கு எட்டியவை இரண்டு. ஓடியோலெப் 6000 சீடீடி முன்கூட்டியே வாசித்து நினைவகத்தில் சேர்த்துவைத்து அனுப்புவது. பழுதான இறுவட்டுக்கு அதுவே தோது என்று முதலில் நினைத்தேன். ஆனால் அது ஒடுங்கிய வாயால் இறுவட்டை உள்ளே இழுத்துக்கொள்வது. வாப்பாவின் இறுவட்டிலோ கடைக்காரர் ஒட்டிய காகித லேபல், ஓரம் கிளம்பிப்போய் இருக்கிறது. உள்ளே சிக்கினால்? உரிக்கவும் பயம். பதிவைத் தாங்கும் படலம் லேபல் பக்கத்தில்தான், மெல்லிய பூச்சுக்குக் கீழே இருக்கிறது. காகிதத்தோடு வாப்பாவின் குரலும் உரிந்து வந்துவிடும்.

மற்றது கேம்பிரிட்ஜ் ஓடியோ சீஎக்ஸ்சீ. இழுப்பறைபோல வெளியே வந்து இறுவட்டை வாங்கிக்கொள்ளும். கொம்பியூட்டர் பல மடங்கு வேகத்தில் சுழற்றும்போது ஒட்டிய காகிதம் இறுவட்டின் சமநிலையைக் குலைத்துவிடும். இதுவோ ஓதும் வேகத்திலேயே, நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்றில் தொடங்கி 200 வரை இறங்கி, நிதானமாக வாசிப்பது. அதையே எடுத்தேன்.

அஸருக்குப் பின் போட்டுவிட்டு எல்லோரும் உட்கார்ந்தோம். பதினோராவது நிமிடம் வந்தது. தாவவில்லை. வாப்பா ஒரு சொல்லில் தடுமாறுகிறார். பக்கத்திலிருந்து ஒரு குரல் மெல்ல எடுத்துக்கொடுக்கிறது. வாப்பா நிறுத்துகிறார். ஊகித்து நிரப்பிக்கொண்டு போகவில்லை. ஆயத்தின் தொடக்கத்துக்கே திரும்பிப்போய்ச் சரியாக ஓதி முடிக்கிறார்.

எடுத்துக்கொடுத்த குரல் உம்மாவுடையது. உம்மாவும் இப்போது இல்லை. அந்தத் தாவலுக்குள் இத்தனை வருடமும் உம்மா இருந்திருக்கிறா, எங்களுக்குத்தான் தெரியவில்லை.

மகன் ட்ரான்ஸ்போர்ட்டிலிருந்து வரும் இலக்கங்களை அப்படியே பிரதியெடுத்தான்.

"தடுமாறுற இடத்த வெட்டிரட்டா வாப்பா?" என்று கேட்டான்.

வேண்டாம் என்றேன்.