அளவெடுக்காத டிரைவர்

மக்களே, ஒரு சின்னக் குழப்பம். டாலஸ்ல நான் வழக்கமா போற கோல்ஃப் கடையில, போன வருஷ மாடல் டிரைவரைத் தள்ளுபடியில போட்டிருக்காங்க. 600 டாலர் ஐட்டம், 350க்கு! ஆனா மிச்சம் இருக்கிறது 9 டிகிரி லாஃப்ட், ஸ்டிஃப் ஷாஃப்ட் ஒண்ணுதான். வேகமா வீசறவங்களுக்கு அது சரி. மெதுவா வீசினா பந்து மேல எழும்பாது, வலப்பக்கம் வேற ஓடிடும். ஃபிட்டிங் போனா மெஷின்ல வேகத்தை அளந்து, எனக்கு 10.5 டிகிரி ரெகுலரான்னு சொல்லிடுவாங்க.

"தீபாவளிச் சட்டைக்கே அளவு கொடுத்துத் தைக்கிற ஆளு, இதுக்கு ஏன் யோசிக்கிறீங்க?"ன்னு தங்கமணி கேட்டாங்க.

உண்மையைச் சொல்லிடறேன். காசு இல்லீங்க காரணம். பத்து வருஷம் முன்னாடி 100 மைல் வேகத்துல வீசினவன் நான். இப்ப வயசு 54. மெஷின் என்ன நம்பர் காட்டுமோன்னு பயம், அவ்ளோதான்.

சனிக்கிழமை அளவெடுக்கப் போறேன். நம்பரை வந்து சொல்றேன். யாரும் சிரிக்கக் கூடாது, ஆமா!