இரு தேசங்களின் விடுமுறை

குற்றாலத்துச் சாரல் ஜன்னல் வழியே சிலேட்டின்மீது தெறிக்கும் ஜூன் மாதத்தில், கடையநல்லூரை அடுத்த எங்கள் சிற்றூரில் பள்ளிக்கூடம் திறக்கும். சிங்கப்பூரில், ஃபேரர் பார்க் வட்டாரத்து அடுக்குமாடி வீட்டில் வளரும் என் பேரனுக்கோ ஜனவரி பிறந்ததும் பள்ளி தொடங்கி, அதே ஜூனில் விடுமுறை வந்துவிடுகிறது. எங்கள் இருவரின் பால்யத்தையும் ஒப்பிட்டு யோசிக்கும் வேளைகளில், வேறு எந்த வித்தியாசத்தைக் காட்டிலும் இந்த மாதக் கணக்கே என் மனத்தை உறுத்துகிறது.

நாங்கள் படித்த பள்ளி ஏழைப் பள்ளி. காமராசர் 1956இல் கொண்டுவந்த மதிய உணவுத் திட்டத்தின் சோற்றுக்காகவே வந்த பிள்ளைகள் அதில் உண்டு. அந்தச் சோறு இல்லையேல் அவர்களில் பலர் மாடு மேய்த்துக்கொண்டே வளர்ந்திருப்பார்கள். சார்வாள் மாலையில் மணியடித்து அனுப்பிவிட்டால் மறுநாள் காலைவரை எங்களைப் பாடம் பற்றிக் கேட்பார் எவருமில்லை. குளத்தங்கரையிலும் களத்துமேட்டிலும் சண்டையிட்டும் சமாதானம் செய்தும் கதை சொல்லியும் நாங்கள் பேசிய பேச்சே, எந்தப் பிரயாசையுமின்றி எங்கள் தமிழாயிற்று.

ஆயினும் பிற பாஷை பேசும் ஒரு குழந்தையையேனும் நான் அந்த வயதில் கண்டதில்லை. என் பேரன் நாள்தோறும் காலையில் மலாய் மொழியில் தேசிய கீதம் பாடி, யாழ்ப்பாணத்தில் பிறந்த சின்னத்தம்பி ராஜரத்தினம் 1966இல் வரைந்த தேசிய உறுதிமொழியைச் சீன, மலாய்த் தோழர்களோடு நின்று சொல்கிறான். தாய்மொழி வேளையில் பிரிந்துபோகும் அப்பிள்ளைகள் இடைவேளையில் மறுபடியும் ஒரே மேசையில் அமர்ந்து உண்கிறார்கள். ஏழு வயதிலேயே கைவந்துவிட்ட இந்தச் சகவாசம் பெரும் பாக்கியம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இன்னும் சில ஆண்டுகளில், பன்னிரண்டு வயதில், தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு வரும். அதை முன்னிட்டு அவனுடைய பிற்பகல்கள் இப்போதே துணைப்பாட வகுப்புகளுக்குப் போய்விட்டன. எல்லாப் பாடங்களையும் தமிழிலேயே பயில அவனுக்கு இன்று பள்ளியும் இல்லை. எங்கள் கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள் 1946இல் சிங்கப்பூரில் ஆரம்பித்த உமறுப் புலவர் தமிழ்ப்பள்ளி, பின்னர் உயர்நிலைப்பள்ளியாக வளர்ந்து 1982இல் மூடப்பட்டது; 1987இல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே பயிற்றுமொழியாயிற்று. பள்ளி போயினும் அந்தப் பெயர் பீட்டி சாலைத் தமிழ்மொழி நிலையத்தில் நிலைத்திருக்கிறது. தம் பள்ளியில் தமிழ் வகுப்பில்லாத மாணவர்கள் அங்கே வந்து பயில்கிறார்கள். தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாக ஏற்று, அதற்கு ஆசிரியரும் புத்தகமும் தேர்வும் தந்திருக்கும் அரசாங்கத்தைக் குறைகூற எனக்கு மனம் வராது. ஆனால் 2020ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இங்குள்ள இந்தியர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வீட்டில் அதிகமாகப் பேசுவது ஆங்கிலம். என் பேரனுக்குத் தமிழில் உபாத்தியாயர் இருக்கிறார், தாத்தா இருக்கிறேன். தமிழில் விளையாட ஒரு பிள்ளை இல்லை.

அப்படி விளையாடப் பிள்ளைகள் ஊரில் உண்டு. ஆனால் ஜூனில் அவனை அங்கே அழைத்துப் போனால், அவன் வயதொத்த பிள்ளைகள் அப்போதுதான் புதுப் புத்தகத்துடன் வகுப்புக்குப் போயிருப்பார்கள். நவம்பரில் அவன் விடுமுறை தொடங்கும்போது அவர்களுக்கு அரையாண்டுத் தேர்வு நெருங்கும். இரு தேசத்துப் பிள்ளைகளும் ஒருசேர ஓய்ந்திருப்பது டிசம்பரின் கடைசி வாரம்தான். ஒரு வருஷம் அந்த வாரத்தில் அவனை அழைத்துச் சென்றேன். முதலில் ஆங்கிலத்தில் முணுமுணுத்துக்கொண்டிருந்தவன், தன் பம்பரம் உடைக்கப்பட்ட ஆத்திரத்தில், "எம் பம்பரத்த ஏன்ல ஒடச்ச?" என்று அத்தை மகனிடம் பாய்ந்தான். எந்தப் பயிற்சித் தாளிலும் அவன் அவ்வளவு தங்குதடையின்றித் தமிழை ஆண்டதில்லை.

சிங்கப்பூர்ப் பெற்றோர்களே, இயலுமானால் அந்த டிசம்பர் வாரத்தை உங்கள் பிள்ளைகளுக்கு ஊரில் கொடுங்கள். இயலாதவர்கள் வாரத்தில் ஒரு துணைப்பாட வகுப்பையேனும் நிறுத்திவிட்டு, உங்கள் புளோக்கிலுள்ள தமிழ்ப் பிள்ளைகளை ஒன்றுசேர்த்துக் கீழே விளையாட அனுப்புங்கள்.